ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கிற ஹெட்செட்

என் கணவர் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டால் அது அவருடைய அம்மாவின் போனில்தான் அடிக்கும். அதுதான் எங்கள் வீட்டு முறை. முதலில் அத்தை பேசுவார். அப்புறம் மாமா. அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த சின்ன மாமியார். அப்புறம் சும்மா அந்தப் பக்கமாகப் போன யாராவது ஒருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி, சாப்பிட்டியா. அந்த மனுஷனும் சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று ஆளாளுக்குச் சொல்லி முடித்து, போன் சூடேறி, சார்ஜ் தீரப்போகிற நேரத்தில் அது என் கைக்கு வரும். நானும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பேன். இத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறென்னத்தைக் கேட்பது?

கல்யாணமான மூன்றாம் மாதம் அவருக்கு விசா வந்துவிட்டது. ஏசி மெக்கானிக் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. அவர் போன மறு வாரத்திலிருந்து ஊரில் ஒரு கூட்டம் 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேட்க ஆரம்பித்தது. விசேஷம் எங்கிருந்து வரும், கூரியரிலா? கேட்கிறவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கேட்டு வைத்தால் ஒரு நாள் பொழுது போகும், அவ்வளவுதான்.

என் போனுக்கு அவரைக் கூப்பிடச் சொல்லி, எங்கள் அறைக்குள் போய்ப் பேசியும் பார்த்தேன். கதவைச் சாத்தி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், அத்தை தட்டுவார். "ஏத்தா, தம்பியா? என்ன சொல்றான்? வெளக்கு வைக்கிற நேரத்துல கதவச் சாத்தாத, லெச்சுமி வர்ற நேரம்." லெட்சுமி எப்போது வருவாள் என்று நானும் கவனித்துப் பார்த்தேன். என் கணவர் கூப்பிடுகிற நேரத்தில்தான் தவறாமல் வருகிறாள். அவர் காலையில் கூப்பிட்டாலும் வருகிறாள், மத்தியானம் கூப்பிட்டாலும் வருகிறாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புருஷனிடம் என்ன பேச முடியும், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கியதைத்தான் பேச முடியும்.

இந்த நிலையில்தான் அவருடைய அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊர் திரும்பும்போது தன்னுடைய கேமிங் லேப்டாப்பை இவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் இவர் அதில் ஒரு விளையாட்டு ஆடத் தொடங்கினார். காட்டில் மரம் வெட்டி, வீடு கட்டி, இருட்டினால் வருகிற மிருகங்களிடம் மாட்டாமல் பிழைக்கிற விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாமாம். ஆடிக்கொண்டே பேசலாமாம். "நீயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கேன். காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டா நான் பேசுறது ஒனக்கு மட்டுந்தான் கேக்கும். கதவச் சாத்தவும் வேண்டியதில்ல" என்றார்.

நான் விளையாடியதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கோ-கோ. மரம் வெட்டுகிற விளையாட்டு எனக்கு எதற்கு? எங்கள் கொல்லையிலேயே வெட்டாத கருவேலம் கிடக்கிறது. ஆனால் 'ஒனக்கு மட்டுந்தான் கேக்கும்' என்று அவர் சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் என் புருஷன் எனக்கு மட்டும் வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இதில் கிடையாது.

வீட்டில் ஒரே வரியில் சொன்னேன். "ஒங்க மகன்தான் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னாக." அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. நானாக ஒரு மிக்ஸி வாங்க வேண்டும் என்றிருந்தால் பஞ்சாயத்தே கூடியிருக்கும். மகன் சொன்னான் என்றால் யானையைக்கூட வாங்கிக் கட்டலாம்.

இலுப்பூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. சம்பளத்தில் சீட்டுப் போட்டு எடுத்த ஐம்பதாயிரம் கையில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். லேப்டாப் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். லேப்டாப் என்றால் சொந்தக்காரர்களில் ஆளுக்கொருவர் 'பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடணும்' என்று தூக்கிக்கொண்டு போவார்கள். மேசையில் உட்காருகிற பெட்டியை எவன் தூக்குவான்?

பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஊர் நாட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் சாமான் போடுகிறவளுக்கு இது புரியாமல் போகாது. எதில் குறைத்தால் ருசி கெடாது, எதில் குறைத்தால் பந்தியே கெடும் என்று தெரிந்தால் போதும். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் இருக்கிறார்களே, ராக்கெட் விடுகிற மாதிரியே பேசுவார்கள்.

அதில் ஒருவர் எனக்குக் கொழுந்தனார் முறை. சென்னையில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவரிடம் கேட்காமல் வாங்கினால் தப்பாகிவிடும் என்று மாமா போன் போட்டுக் கொடுத்தார். "அண்ணி, மத்ததுல எதுல வேணாலும் காம்ப்ரமைஸ் பண்ணுங்க, கிராபிக்ஸ் கார்டுல மட்டும் பண்ணவே கூடாது. நான் சொல்ற கார்டு போட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." அவர் சொன்ன கார்டு ஒன்றின் விலையே என் மொத்தப் பணத்தை விழுங்கிவிடும். அதைச் சொன்னேன். "அப்படின்னா கொஞ்ச நாள் வெயிட் பண்ணிப் பெருசா வாங்குங்க அண்ணி" என்றார். ஓசியில் சொல்வதென்றால் யோசனைக்கு என்ன பஞ்சம். நீங்கள் எந்தக் கார்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். போனில்தான் விளையாடுவாராம்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மாமாவும் நானும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கம்ப்யூட்டர் கடைக்கு மருமகள் தனியாகப் போனால் நன்றாக இருக்காதாம். மாமா வெள்ளை வேட்டியும் துண்டுமாக, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார். கடலை போடுவது, கடலை பிடுங்குவது, கடலை விலை, இந்த மூன்றையும் தாண்டி அவரிடம் ஒரு பேச்சு வாங்க முடியாது. அவரைத்தான் எனக்குத் துணையாக அனுப்பினார்கள்.

கடை மாடியில் இருந்தது. செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கடைக்காரர் மாமாவைப் பார்த்து எழுந்தார். "வாங்கய்யா. பையனுக்குங்களா?"

"இல்லீங்க, மருமகளுக்கு" என்றார் மாமா.

"ஓ, மேடத்துக்கு டைப்பிங்குக்கா?" என்று மாமாவிடமே கேட்டார்.

கேம் விளையாட என்று நான் சொன்னேன். அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். அதன்பின் நான் எதைக் கேட்டாலும் பதிலை மாமாவுக்குத்தான் சொன்னார். இந்த பிராசசர் போன தலைமுறையா என்று நான் கேட்பேன். "அய்யா, இது நல்லா ஓடுமுங்க" என்று அவர் மாமாவுக்குச் சொல்வார். மாமா, "ஓடுமாம்த்தா" என்று எனக்குச் சொல்வார். நடுவில் நான் என்ன, திருச்சி ரேடியோவா கேட்டுக்கொண்டு நிற்கிறேன்?

முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே நாலைந்து விசிறிகள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிந்தன. திருவிழா சீரியல் செட்டுத் தோற்றது. "இப்ப எல்லாரும் இதாங்க வாங்குறாங்க. இது இருந்தாத்தான் கேமிங்." விளக்கு எரிந்தால் விளையாட்டு வேகமாக ஓடும் என்று சொல்லாத குறை. கேட்கிறவள் கேனச்சியாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். சாதாரண இரும்புப் பெட்டியைக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்கென்ன செய்வது?

எஸ்எம்பிஎஸ் என்பது பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற சாதனம். பெட்டியோடு ஓசியாக வருகிற ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்றார். எங்கள் ஊர்க் கரண்ட் அவருக்கு எங்கே தெரியும்? த்ரீ பேஸ் வந்ததும் காடு முழுக்க ஒரே நேரத்தில் போர் மோட்டாரைப் போடுவார்கள். டியூப்லைட் கண்ணை மூடி மூடித் திறக்கும். ஓசிச் சரக்கைப் போட்டால் முதல் வாரமே மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் கொடுங்கள் என்றேன். "எல்லாம் சைனாதாங்கய்யா, பேருதான் வேற" என்று மாமாவிடம் சொன்னார். மாமா இரண்டையும் இரண்டு கைகளில் தூக்கிப் பார்த்தார், கடலை மூட்டையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே. "இதுதான் கனமா இருக்கு. இதையே போடுங்க" என்றார். நான் கேட்டதுதான் அது. நான் படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம், மாமாவின் கைக் கனம் ஒரு பக்கம். கடைக்காரர் எதற்குக் கட்டுப்பட்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்கப் பணம் இடம் கொடுக்கவில்லை. பழையது ஒன்று எடுத்து வைத்தார். "ஒரு டாக்டர் வீட்டுல யூஸ் பண்ணதுங்கய்யா. ஒரே கை." பழைய பைக் விற்றாலும் டாக்டர் ஓட்டியது, பழைய கார் விற்றாலும் டாக்டர் ஓட்டியது. இந்த மாவட்டத்து டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறார்களா, இல்லை ஊருக்கெல்லாம் பழைய சாமான் உற்பத்தி செய்கிறார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடை மானிட்டரில் அந்தக் காட்டு விளையாட்டையே போட்டு, சூடு ஏறுகிறதா என்று அரை மணி நேரம் பக்கத்தில் நின்றேன். ஏறவில்லை. எடுத்துக்கொண்டேன்.

இப்படி எல்லாவற்றிலும் பிடித்துப் பிடித்து மிச்சம் பண்ணியதை ஒன்றில் மட்டும் தாராளமாகப் போட்டேன். அது ஹெட்செட். மூன்று எடுத்துப் பார்த்தேன். கடைக்காரரையே மாட்டச் சொல்லி, சத்தத்தைக் கூட்டி வைத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். இரண்டில் சத்தம் வெளியே கசிந்தது. மூன்றாவதில் ஒரு எறும்புச் சத்தம்கூட இல்லை. அதைத்தான் எடுத்தேன். இருந்ததிலேயே விலை கூடினது. "இவ்ளோ எதுக்கு மேடம், ஹெட்செட்டுக்குப் போயி" என்று அப்போதுதான் அவர் முதல் முறையாக என்னிடம் பேசினார்.

பணம் அனுப்பப் போனால் என் போனில் சர்வர் வேலை செய்யவில்லை. மாமாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டுக் கீழே ஏடிஎம்முக்குப் போனேன். முதல் ஏடிஎம்மில் பணம் இல்லை, இரண்டாவதில் வரிசை. திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் மாட்டி, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தூக்கினோம். மாமா என்னமோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். டவுனில் டீ குடித்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் மானிட்டர் பெட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். "டிவியா?" என்று கேட்டார்கள் பின் சீட்டில். மாமா திரும்பி, "கம்ப்யூட்டர். மகன் வாங்கச் சொன்னான்" என்றார். அன்னவாசல் தாண்டுவதற்குள் அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அது என் புருஷன் அனுப்பிய கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. என் சீட்டுப் பணத்தை யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்ததும் பிரிக்கப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கெழம பிரிக்கவே கூடாது. வெள்ளிக்கெழம சாயங்காலம் நல்ல நேரம் பாத்து வச்சிருக்கேன். தம்பிக்கும் அன்னைக்குத்தான லீவு." ஆறு நாள் அந்தப் பெட்டிகள் சாமி படத்துக்குக் கீழே கட்டோடு இருந்தன. நான் தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தால் வாசலில் செருப்புகள். சின்ன மாமியார் குடும்பம், எதிர் வீடு, மேலத் தெருவில் இரண்டு வீடு. கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கா கிரகப்பிரவேசம் நடத்துவார்கள்? எங்கள் அத்தை நடத்துவார். பெட்டியைப் பிரித்து, ஹாலில் மேசை போட்டு, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அத்தை மானிட்டரின் நட்ட நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று. மவுசுக்கு அடியில் வெளிச்சம் வருகிற ஓட்டையில் வைக்கப் போனவரைப் பிடித்து நிறுத்தினேன்.

கடைசிப் பெட்டியைத் திறந்தேன். ஹெட்செட் இல்லை. அதற்குப் பதிலாக, கல்யாண வீட்டில் வைக்கிற மாதிரி இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு உருண்டைப் பெட்டி, கூடவே மேசையில் நிற்க வைக்கிற மைக் ஒன்று.

"ஹெட்செட் எங்க மாமா?"

மாமா முகத்தில் அந்த பஸ் சிரிப்பு. "நீ பணம் எடுக்கப் போனப்ப மாத்திட்டேன்த்தா. அதக் காதுல மாட்டுனா ஒரு ஆளுதான் கேக்கலாம். அதே காசுக்கு இத வாங்குனா ஊரே கேக்கலாம்னு கடக்காரருதான் சொன்னாரு. மைக்கும் சேத்துக் குடுத்துட்டாரு." சுற்றி இருந்தவர்கள் மாமாவின் சாமர்த்தியத்தை மெச்சினார்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. அந்த ஹெட்செட்டுக்காகத்தான் பிராசசர் வாங்கினேன், அதற்காகத்தான் டாக்டர் வீட்டுக் கார்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் காவல் நின்றேன் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார்கள், அவன்கிட்ட தனியா அப்படி என்ன பேசணும் என்று. என் போன் இயர்போனை எடுத்துப் பார்த்தேன். அதன் முனை போன் சார்ஜர் மாதிரி தட்டை, கம்ப்யூட்டரின் உருண்டை ஓட்டையில் நுழையவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அத்தை அவசரப்படுத்தினார். ஸ்பீக்கரை மாட்டினேன். அத்தை சூடம் காட்டினார். பட்டனை அமுக்கினேன்.

என் போனிலிருந்து நெட்டை இணைத்து, கடையிலேயே ஏற்றி வாங்கியிருந்த விளையாட்டுக்குள் போனேன். பச்சைக் காடு, ஓடை. சின்ன மாமியார், "நம்ம நார்த்தாமலப் பக்கம் மாதிரில்ல இருக்கு" என்றார். தூரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். தலைக்கு மேலே என் கணவரின் பெயர். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். இரண்டு ஸ்பீக்கரிலும் அவர் குரல் வீடு அதிர வந்தது.

"வந்துட்டியாடி தங்கம். தனியாத்தான இருக்க?"

கேசரி எடுத்த கைகள் அப்படியே நின்றன. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் செத்திருப்பேன்.

அத்தை மைக்கைத் தூக்கி வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார். "நான்தாம்ப்பா, அம்மா. சாப்பிட்டியா?"

திரையில் அந்த ஆள் இரண்டடி பின்னால் நகர்ந்தான். அப்புறம், "சாப்பிட்டேன்ம்மா" என்றார்.

பிறகென்ன, மைக் கைமாறியது. மாமா கடலை விலை சொன்னார். சின்ன மாமியார் சாப்பிட்டியா என்றார். எதிர் வீட்டுக்காரர் தன் மகனுக்கு ஒரு விசாவுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு போனுக்கு முன்னால் நடந்த அதே கூத்து, இப்போது பெரிய திரையோடு, உருண்டைப் பெட்டியின் உறுமலோடு நடந்தது. அதற்கு நான் பணம் வேறு கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தாரே தவிர, திரையில் அந்த ஆள் சும்மா நிற்கவில்லை. எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான். பிறகு திரும்பி நடந்தான். நின்று, நான் வருகிறேனா என்று பார்த்தான். நான் பின்னால் போனேன். வாய் அங்கே விசா பேசிக்கொண்டிருந்தது. கால் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. ஓடை தாண்டி, மேட்டில் ஏறினால், ஒரு வீடு. மரம் வெட்டி அவரே கட்டியது. ஒரே ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு சன்னல், ஒரு கதவு.

"இது யாரு வீடுப்பா?" என்று கேட்டார் அத்தை, மைக்கில்.

"சும்மா வெளாட்டு வீடும்மா" என்றது ஸ்பீக்கர்.

உள்ளே போனோம். அவர் திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

அத்தை மைக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஏத்தா, அவன் ஏன் கதவச் சாத்துறான்?"

"இருட்டப் போகுது அத்த. இருட்டுனா மிருகம் வரும்" என்றேன்.

அத்தை அதை ஒப்புக்கொண்டார். கேசரி தட்டு எதிர் வீட்டுக்காரரிடம் போனது, மைக் சின்ன மாமியாரிடம் போனது, மறுபடியும் சாப்பிட்டியா என்று கேட்டார்கள், சாப்பிட்டேன் என்றார். திரையில் நானும் அவரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கதவை யாரும் தட்டவில்லை.